அத்தான் போன மலைநாடு

மார்கழி பிறந்தால் போதும், ஸ்ரீரங்கத்தில் தெருவோரமாக ஸ்வெட்டர்களைக் குவித்து விற்க ஆரம்பித்துவிடுகிறார்கள். வேர்க்கிற ஊரில் யார் வாங்குவார்கள் என்று கேட்காதீர்கள்; நேற்று நானே ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்தேன். அந்தக் கம்பளி வாசம் நேரே பூட்டானில் கொண்டுபோய் விட்டது. நான் போகாத பூட்டான்!

அக்காவைக் கட்டிய கையோடு அத்தான் அங்கே வேலைக்குப் போனார். "தூரத்துப் பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி" என்று அப்பா அன்றைக்கே முனகினார். யார் கேட்டோம்? தீபாவளிக்கு அவர் வரவில்லை, பொங்கலுக்கும் வரவில்லை. எதிர்வீட்டு போனில் கூப்பிட்டு, "பனி கொட்டுது, கணவாயை அடைச்சுட்டாங்க" என்பார். அக்கா அவருக்கு ஸ்வெட்டர் பின்ன உட்கார்ந்துவிட்டாள். நான் பழைய அட்லஸை விரித்துப் பாடம் எடுத்தேன். கடலே எட்டாத நாடு. வடக்கே பனிமலை, நடுவில் பள்ளத்தாக்குகள், ஆறெல்லாம் தெற்கே இறங்கிப் பிரம்மபுத்திராவில் சேரும். மலைக்கோட்டையைத் தவிர வேறு மலை ஏறாதவனுக்கு வாய் மட்டும் எவ்வளவு! "அவரு என்னக்கா செய்வாரு, மலை அப்படி" என்று முடிப்பேன். தெற்கோரத்தில் ஒரு பச்சைப் பட்டை இருந்தது. அதன்மேல் என் உள்ளங்கை ஊன்றியிருக்கும்.

திருவெறும்பூரில் என்னோடு வேலை பார்த்த ஒருவர், பூட்டானில் மின்நிலையத்துக்கு இயந்திரம் பூட்டப் போய்த் திரும்பினார். வீட்டுக்கு அழைத்துவந்தேன். அத்தான் பேரைச் சொல்லி, பனியில் மாட்டிக்கொண்டு தவிக்கிறார் என்றேன். அவர் சிரித்துவிட்டார்.

"பனியா? அவரு இருக்கறது தெக்கோரத்து அடிவாரங்க. வாழையும் பாக்கும் காய்க்குது. நம்ம ஊரு மாதிரியே வேர்வை, போதாததுக்குக் கொசு. எல்லையைத் தாண்டினா நம்ம நாடு, பஸ் ஏறினா ரயிலடி. உங்க அக்காவைக்கூடப் பாத்தேனே, கைக்குழந்தையோட. நல்லா இருக்காங்க."

அக்கா காபியோடு அடுக்களை வாசலில் நின்றிருந்தாள். வந்து தம்ளரை அவர் முன்னால் வைத்தாள்.

"நான்தாங்க இவனோட அக்கா. சர்க்கரை போதுமா பாருங்க."

அதை அவர் எப்படிக் குடித்தார் என்று எனக்குத் தெரியாது. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அத்தான் வரவேயில்லை. அக்கா என்னோடுதான் இருக்கிறாள். இந்த ஐப்பசியில் ஒருநாள் தொப்பலாக நனைந்து வந்து, "புத்தூர்ல தண்ணி தேங்கி பஸ் நின்னுடுச்சுக்கா" என்றேன். தலை துவட்டத் துண்டை நீட்டியபடியே கேட்டாள்: "புத்தூர்ல எந்த இடத்துல?"

முன்பெல்லாம் "ஐயோ" என்று மட்டும்தான் சொல்வாள்.