அக்காவுக்குப் போன தொண்ணூறு மாத்திரைகள்

செருப்புக்கடையில் அவருக்கு 'அளவுக்காரர்' என்று பெயர். வாசலில் நாலு எட்டு வைத்தால் போதும், வந்தவர் கால் எட்டா ஒன்பதா என்று சொல்லிவிடுவார். இருபத்தாறு வருஷமாக ஊரார் கால்மாட்டில் குந்தி உட்கார்ந்து சம்பாதித்த பெயர் அது. பழைய வாடிக்கையாளர்களின் முகம் நினைவிருக்காது. சுண்டுவிரலைக் காட்டினால் யாரென்று சொல்லுவார்.

அவர் நிமிர்ந்து முகம் பார்த்துப் பேசுவது அக்காவிடம் மட்டும்தான். அவரைவிடப் பத்து வயது மூத்தவள், அவரை வளர்த்தவள். அப்பா விட்டுப்போன சொத்து என்று இரண்டு பேருக்கும் கிடைத்தது சர்க்கரை வியாதி. அதிலும் அக்காவுக்குப் பெரிய பங்கு. இவருக்கு மாத்திரை, அவளுக்கு தினம் இரண்டு வேளை வயிற்றில் ஊசி.

பெரிய ஆஸ்பத்திரியில் ஓர் ஆராய்ச்சிக்கு ஆள் எடுத்தார்கள். தயிரில் இருப்பது போன்ற நல்ல பாக்டீரியாவை மாத்திரைக்குள் அடைத்துக் கொடுத்தால் ரத்தத்தில் சர்க்கரை கொஞ்சமாவது இறங்குமா என்று பார்க்கிற ஆராய்ச்சி. பாதிப் பேருக்கு நிஜ மாத்திரை, பாதிப் பேருக்கு வெறும் மாவு. யாருக்கு எது என்று கடைசியில்தான் சொல்வார்கள். இவரைச் சேர்த்துக்கொண்டார்கள். ஊசி போடுகிறவர்கள் வேண்டாம் என்று அக்காவைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

நர்ஸ் டப்பாவைக் கையில் கொடுக்கும்போதே சொன்னாள்: "இது உங்க மருந்துக்குப் பதில் இல்லைங்க. மருந்தோட கூடச் சேர்த்துச் சாப்பிடணும். எதையும் நிறுத்தக் கூடாது, என்ன?"

தலையை ஆட்டிவிட்டு, டப்பாவோடு நேராக அக்கா வீட்டுக்குப் போனார்.

"உனக்கில்லையாடா?" என்றாள் அக்கா.

"ரெண்டு டப்பா குடுத்தாங்கக்கா." புளுகினார்.

அக்கா டப்பாவைப் பிரிட்ஜில் வைத்து, நாள் தவறாமல் ஒன்று போட்டுக்கொண்டாள். "வயித்துல புதுசா குடித்தனம் வந்திருக்கு. சத்தமே இல்ல, நல்ல ஜனங்க" என்று வருகிறவர்களிடமெல்லாம் சிரித்தாள். மூன்றாவது வாரம் சர்க்கரை உண்மையிலேயே கொஞ்சம் இறங்கியிருந்தது. அதே மூன்று வாரமாக அவள் இனிப்பைத் தொடவில்லை என்பதை இரண்டு பேருமே யோசிக்கவில்லை.

"அப்போ ஊசிய விட்டுடலாமாடா? குத்திக் குத்தி வயிறு கல்லு மாதிரி ஆயிடுச்சு."

நர்ஸ் சொன்னது நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அக்கா முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அதைக் கெடுக்க அவருக்கு மனசு வரவில்லை.

"பாப்போம்க்கா" என்றார்.

பாவி மனுஷன், வாயைத் திறந்து 'வேண்டாம்' என்று ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருக்கலாம். அக்கா ஊசியை நிறுத்தினாள். அவரிடம் சொல்லவும் இல்லை. இரண்டாவது மாதம் கால் பெருவிரலுக்கு அடியில் புண் வந்தது. மரத்துப்போன கால், வலி தெரியவில்லை. குளிருகிறது என்று சாக்ஸ் மாட்டிக்கொண்டாள். தினம் நூறு கால் பார்க்கிறவர் அந்த ஒரு காலைப் பார்க்கவில்லை. நாற்றம் வந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

ஆராய்ச்சி முடிந்த அன்று, ஒரு மாத்திரைகூட விடாமல் காலி டப்பாவைத் திருப்பிக் கொடுத்ததற்கு நர்ஸ் அவரைப் பாராட்டினாள். பிறகு தாளைப் பார்த்துச் சொன்னாள்: "உங்களுக்கு வந்தது மாவு மாத்திரைங்க." நிஜ மாத்திரையாக இருந்திருந்தாலும் அந்தக் கால் தப்பியிருக்காது. காப்பாற்றிக்கொண்டிருந்தது ஊசி. அது அவருக்கும் தெரியும். ஆனாலும் 'மாவா?' என்று இரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் அக்கா இருந்த வார்டுக்குப் படியேறினார்.

வார்டில் அக்கா விழித்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்டா, உங்க கடையில ஒத்தச் செருப்பு குடுப்பாங்களா?"

ஜோடியாகத்தான் கொடுப்போம் என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார். இப்போது அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினார். நர்ஸ் சொன்னது, தான் சொல்லாமல் விட்டது, மாவு, எல்லாம். "உன் கால நான்தான்க்கா எடுத்தேன்" என்றார்.

அக்கா கையூன்றி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அப்போ ரெண்டு டப்பான்னது பொய்யா? மூணு மாசமா நீ ஒண்ணும் சாப்பிடலையா?"

"அது வெறும் மாவுக்கா..."

"மாவோ மண்ணோ. உனக்குன்னு குடுத்தத நீ சாப்பிடல. கால மேல வை. சாக்ஸ கழட்டு."

கட்டில் விளிம்பில் காலை வைத்தார். அக்கா அதைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டு, கண்ணாடியை மாட்டி, விரல் விரலாகப் பிரித்துப் பார்க்கத் தொடங்கினாள். யார் யார் காலையோ பிடித்தவர். அவர் காலை ஒருவர் பிடித்துப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. வார்டே திரும்பிப் பார்க்கும்படி விம்மினார்.

"அசையாதடா" என்றாள் அக்கா. "இன்னும் இந்த விரலப் பாக்கல."