குழல் சாரின் சமாதானம்

பல் துலக்குவதற்கு முன்பே குழல்களைத் துடைத்தாக வேண்டும், குழல் சாருக்கு. கூடம், சமையலறை, குளியலறை வாசல் என்று வீடு முழுக்கப் பித்தளைக் குழல்கள் வாயைப் பிளந்துகொண்டு நிற்கின்றன. ஒவ்வொன்றுக்குள்ளும் தோள்வரை கையை விட்டுத் துடைப்பார். மாட்டுக்குப் பிரசவம் பார்க்கிறவர் மாதிரியே இருக்கும்.

தொழில் என்னவோ லிஃப்ட் ரிப்பேர்தான். நான் மாடி வீட்டுக்காரன். ஒருநாள் வாய் தவறி, "கிராமபோனெல்லாம் ஜோரா இருக்கே சார்" என்று சொல்லிவிட்டேன். மனிதருக்கு முகம் சுண்டிப்போனது.

"தட்டு சுத்தினா கிராமபோன். இது போனோகிராப், மெழுகு உருளை சுத்தும். படிச்ச மனுஷன், நீங்களே இப்படிப் பேசலாமா?"

"சரி, ஒண்ணு போடுங்களேன், கேட்போம்."

"ஐயையோ, போட்டா தேஞ்சிடும்!"

பாட்டு கேட்க வேண்டுமென்றால் அவரிடம் ஒரு ரேடியோ இருக்கிறது. அதை வைக்கத்தான் இடமில்லை.

வீட்டம்மாள் பொறுமைசாலி. குழல்களுக்கு நடுவே ஒருக்களித்து நடந்தே சமைத்துப் போட்டவர். போன மாதம் பீரோ அளவுக்கு ஓர் அபூர்வ இயந்திரம் வந்து இறங்கியது. இடம் வேண்டுமே! கட்டிலைத் தூக்கி வாட்ச்மேனுக்குக் கொடுத்துவிட்டார் சார். அம்மாள் வந்து பார்த்தார். பையை எடுத்துக்கொண்டு, அடுத்த தெருவிலிருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார்.

மனிதர் ஆடிப்போய்விட்டார். ஆனால் நேரில் மன்னிப்புக் கேட்க அவருக்கு வாய் வராது. அதனால் அதை மெழுகில் பதிந்து எடுத்துப்போவது என்று முடிவு கட்டினார். போனோகிராப்பில் பதியவும் செய்யலாம். ஒன்றுதான், தொண்டை கிழியக் கத்தினால்தான் ஊசி மெழுகைக் கீறும்.

"தப்புதாம்மா! நீ இல்லாம வீடு வீடாவே இல்ல! வந்துடும்மா!"

தெருவே கேட்டது, கேட்க வேண்டியவரைத் தவிர.

பெட்டியை அவரும் குழலை நானுமாகச் சுமந்துகொண்டு போனோம். தங்கை வீட்டு மேஜையில் வைத்துச் சாவி கொடுத்தார். உருளை சுழன்றது, சத்தத்தைக் காணோம். குழலுக்கு நேரே நின்றிருந்த அம்மாளுக்கு வந்ததே கோபம்!

"எனக்குன்னு இருந்தது ஒரே ஒரு கட்டில். அதையும் தூக்கிக் குடுத்துட்டு, இங்கயும் பெட்டியத் தூக்கிட்டு வர்றீங்களா? நான் என்ன மனுஷியா, மரக்கட்டையா?"

சார் குனிந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். பதற்றத்தில், கேட்கிற ஊசிக்குப் பதிலாகப் பதிகிற ஊசியை மாட்டியிருக்கிறார்! அது அவருடைய மன்னிப்பைச் சீவித் தள்ளியிருந்தது. மேஜையெல்லாம் மெழுகுச் சுருள். அவசரமாக ஊசியை மாற்றி மறுபடி ஓடவிட்டார்.

"...ஒரே ஒரு கட்டில். அதையும் தூக்கிக் குடுத்துட்டு..."

குழலுக்குள்ளிருந்து கரகரவென்று அம்மாளின் குரல். சார் நிறுத்தவில்லை. கண் கலங்கக் கேட்டுக்கொண்டே நின்றார். பாவமாக இருந்தது எனக்கு. "மனுஷியா" என்ற இடத்தில் உருளை தீர்ந்தது.

"அவ்ளோதானா?" என்றார் அம்மாள்.

"ஒரு உருளையில அவ்ளோதாம்மா புடிக்கும்."

"வேற இருக்கா?"

இருந்தது. சார் புது உருளையை மாட்டி, பதிகிற ஊசியைப் பொருத்தினார்.

"கல்யாணத்துலேர்ந்து ஆரம்பிக்கிறேன். சாவி குடுங்க" என்ற அம்மாள், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, குழலை இரண்டு கையாலும் பிடித்துத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.