முதல் பனிக்குக் காத்திருந்த போத்தல்

எங்கள் அண்ணா பிறந்தது புங்குடுதீவில். கண்மூடியது இந்த ஆவணியில், ரொறன்ரோவில். இடையில் அவர் ஓரிடத்தில் அமைதியாக இருந்ததை நான் கண்டதில்லை. சென் ஜேம்ஸ் ரவுணில் பலர் சேர்ந்து படுத்த அறையிலும், ரெக்ஸ்டேலில் இரண்டு வேலை செய்த காலத்திலும், கடைசியாக மல்வேர்ன் மாடி வீட்டிலும் நின்றபடியே சாப்பிட்டார், நடந்தபடியே பேசினார். எங்களைக் கனடாவுக்கு அழைத்துப் படிக்கவைத்ததும் அந்த ஓட்டம்தான்.

அவர் நேராக இங்கு வரவில்லை. கூட்டிவந்த முகவர் பல்கேரியாவில், கருங்கடற் கரையில் அவரைக் கைவிட்டுப் போனார். ஒரு முந்திரிகைத் தோட்டக்காரர் திராட்சைப் பழம் பறிக்கும் வேலையும் படுக்க இடமும் கொடுத்தார். மதியத்தில் நெத்தலி போன்ற பொரித்த மீன்; கூடவே டிமியாட் என்ற அந்தக் கரையின் முந்திரிகையில் செய்த வெள்ளை வைன். பொலிஸ் வருமோ என்று வாசலையே பார்த்திருந்த நாள்களில், அந்தக் குளிர்ந்த, புளிப்பான ஒரு குவளை முடியும்வரைதான் மனம் ஓரிடத்தில் நின்றது என்று ஒருமுறை சொன்னார். திகதி குறிப்பது என் பழக்கம். அது எந்த மாதம் என்று விடாமல் கேட்பேன்.

"பழம் பழுத்துக் கிடந்தது. உதை எழுது," என்பார். புரட்டாதி முடிவு என்று நானே குறித்துக்கொண்டேன்.

ஆண்டுக்கு ஒரு போத்தல் டிமியாட் தேடி வாங்குவார். அண்ணி அதைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க விடமாட்டார்.

"சாமிக்கு வைக்கிற பால் கிடக்கு. உந்தப் புளிச்ச தண்ணியை வெளியிலை வையுங்கோ."

"அவவின்ரை சாமிக்கும் எனக்கும் ஒரே வீடு, ஆனா ஒரே பிரிட்ஜ் இல்லை," என்று அண்ணா சிரிப்பார். முதல் பனி விழுந்ததும் போத்தலைப் பல்கனிப் பனியில் புதைத்துவைப்பார். எதற்கும் பொறுக்காதவர் அதற்கு மட்டும் காத்திருந்தார்.

மருத்துவமனையிலும் சேலைன் தாங்கியை உருட்டியபடி நடந்தார். கடைசியாக என்னிடம் சொன்னது இதுதான்: "பல்கனியிலை போத்தல் கிடக்கு. வெயில் படப்போகுது, எடுத்து உள்ளை வை."

இறந்தவர் விரும்பியவற்றைப் படைத்து, அவர் வந்து உண்ணட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு வெளியே நிற்பது எட்டாம் நாளில் வரும் எங்கள் எட்டுச் செலவு வழக்கம். அன்று காலை அண்ணி கேட்டார்:

"தம்பி, உந்தப் போத்தலை எங்கை வைச்சனீர்?"

"அலுமாரிக்கை, அண்ணி. சூடாக் கிடக்கு. பனிக்கு இன்னும் கன நாள் கிடக்கு."

"ஐஸ் போட்டு வையுங்கோவன்," என்றார் சித்தப்பா.

"ஐஸ் போட்டா இவர் தொடமாட்டார். தண்ணியாப் போகும் எண்டுவார்," என்றார் அண்ணி.

பிறகு குளிர்சாதனப் பெட்டியிலிருந்து சாமிப் பால் பாத்திரத்தை வெளியே எடுத்தார். அந்த இடத்தைத் துடைத்துப் போத்தலை வைத்தார்.

மதியம் பொரித்த நெத்தலியோடு வைனைப் படைத்தோம். குவளையின் வெளிப்புறம் வியர்த்திருந்தது. கதவைச் சாத்திச் சிறிது நேரம் ஆனதும், தட்டித் திறக்க நான் கையைத் தூக்கினேன்.

"பொறும் தம்பி," என்றார் அண்ணி. "இண்டைக்காவது இவர் இருந்து குடிக்கட்டும்."

அண்ணாவுக்கு மருத்துவம் செய்தவர்களுக்கும், இறுதிக் கிரியைகளில் தோள் கொடுத்த உறவினர், நண்பர்களுக்கும், அக்கரையில் அவருக்கு இடம் கொடுத்த, பெயர் தெரியாத அந்தத் தோட்டக்காரருக்கும், அன்று அண்ணி போதும் என்று சொல்லும்வரை எங்களோடு கதவுக்கு வெளியே நின்ற அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.