தாய்ப்புலி விட்டுப்போன குளக்கரை

எங்கள் மருதமுனையில் மகளுக்குத்தான் வீடு. என் கலியாணத்தோடு உம்மா கல்வீட்டை எனக்கு எழுதித் தந்துவிட்டு, பின்வளவில் தகரக் கூரை போட்ட ஓர் அறைக்கு மாறினார். ஊர் வழக்கம்தானே என்று நானும் இருந்துவிட்டேன்.

சில மாதங்களுக்கு முன் ஒரு பின்னேரம், மகளுக்குச் சோறூட்டியபடி உம்மாவோடு தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தியச் சரணாலயம் ஒன்றில், தாய்ப்புலி பல வருடம் ஆண்ட குளக்கரைக்கு வளர்ந்த மகள் போட்டிக்கு வந்தது. உறுமி, அறைந்து, தாயைத் துரத்தியது. எனக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை. பிள்ளை பயப்படுவாள் என்று சாக்குச் சொல்லி வேறு அலைவரிசைக்கு மாற்றினேன்.

"என்னத்துக்கு மாத்தின? வை மகள். அந்தத் தாய் எங்க போறாண்டு பாப்பம்" என்றார் உம்மா.

திரும்ப வைத்தேன். தாய்ப்புலி நொண்டிக்கொண்டு மேட்டுக் காட்டுக்குள் போனது.

"நல்லகாலம், நீ என்னைக் கடிச்சிக் கலைக்கல்ல" என்று உம்மா சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "வீட்ட விட்டது உங்களுக்குக் கவலையா உம்மா?"

"ஓம், கவலதான். முதல் மாசமெல்லாம் விடிய முன்ன சுபஹுத் தொழுகைக்கு எழும்பி இந்த அடுப்படிக்குத்தான் வருவன். கதவடியிலதான் இது உன்ட வீடெண்டு ஞாபகம் வரும். திரும்பிப் போயிருவன்."

"ஏன் சொல்லல்ல?"

"நீ கேக்கல்லயே."

அந்தக் காலடி எனக்குக் கேட்டிருக்கிறது. கதவைத் திறந்தால் உம்மா வெட்கப்படுவாரோ என்று எண்ணிப் படுத்தே கிடந்தேன். அதை மரியாதை என்று நினைத்திருந்தேன்.

இப்போது சுபஹுக்கு முன்பே அடுப்படிக் கதவைத் திறந்து வைக்கிறேன். உம்மா சில நாள் வருகிறார், சில நாள் வருவதில்லை.