பூசணிக்குப் போட்ட டிக்கெட்

எங்கள் அண்ணி பஸ் டெப்போவில் கேன்டீன் நடத்துகிறார். நான் அதே டெப்போவில் மெக்கானிக். அண்ணன் மனைவி என்பதால் எனக்கு ஒரு கரண்டி கூடுதலாக விழும் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கை கழுவாமல் போனால் தட்டையே பிடுங்கிவிடுவார்.

காய்கறி எங்கோ தூரத்திலிருந்து லாரியில் வரும். வந்து சேரும்போது பாதி வாடியிருக்கும், விலை மட்டும் வாடாது. டிரைவர்கள் முகம் சுளித்தார்கள். "வருஷக் கடைசிவரைக்கும் பார்ப்பேன். விலையை ஏத்தாம நல்ல சாப்பாடு போட முடியலேன்னா, கேன்டீனை பாக்கெட் சாப்பாட்டுக் கம்பெனிக்குக் குடுத்துடுவேன்" என்று மேனேஜர் கறாராகச் சொல்லிவிட்டார். அந்த பாக்கெட்டை நான் ஒருமுறை தின்றிருக்கிறேன். பிரித்த பிறகு சாப்பாடு எது, பாக்கெட் எது என்று தேட வேண்டியிருந்தது.

அண்ணி அசரவில்லை. டெப்போவுக்குப் பின்னால் உள்ள தெருக்களில் வீடு வீடாக ஏறி இறங்கினார். "வீட்டுக்குப் பின்னால சும்மா கிடக்குற இடத்துல ஏதாவது போடுங்க. மருந்து மட்டும் அடிக்காதீங்க. எது விளைஞ்சாலும் நான் வாங்கிக்கிறேன்" என்று வாக்குக் கொடுத்தார். எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: "சுலபமா எது வரும்?" அண்ணியும் எல்லா வாசலிலும் ஒரே பதிலைச் சொல்லியிருக்கிறார்: "மஞ்சள் பூசணி." ஒவ்வொருவரும் அது தனக்கு மட்டும் கிடைத்த யோசனை என்று நினைத்து, பக்கத்து வீட்டில் மூச்சுவிடவில்லை.

காய் முற்றியதும் ஒருநாள் காலையில் கேன்டீன் வாசலில் கூட்டம். தையல்காரர் தோளில் பூசணி. நர்ஸம்மா சைக்கிளில் பூசணி. ஓய்வுபெற்ற தபால்காரரோ பேரனின் தள்ளுவண்டியில் பூசணியை உட்கார வைத்து, பெல்ட்டும் மாட்டி அழைத்து வந்திருந்தார். ஒருவரையொருவர் பார்த்து அசடு வழிந்தார்கள். அண்ணி தலையில் கைவைத்துக்கொண்டு சிரித்த சிரிப்பு எங்கள் பட்டறை வரை கேட்டது. ஆனால் வாக்கு வாக்குதான். ஒன்றைக்கூடத் திருப்பி அனுப்பவில்லை.

வேகவைத்து, வதக்கி, சுட்டு, மசித்து என்று தினமும் பூசணிதான். "அக்கா, எனக்கே கொடி முளைச்சிடும்போல இருக்கு" என்று ஒரு டிரைவர் தட்டைத் தள்ளிவைத்தார். அண்ணிக்கு முகம் விழுந்துவிட்டது.

"என் வாயாலயே கெடுத்துக்கிட்டேனே தம்பி" என்றார் என்னிடம். "கேன்டீன் போனாக்கூடப் போகட்டும். என்னை நம்பிப் போட்டவங்களுக்கு என்ன பதில் சொல்வேன்?"

தட்டைத் தள்ளிவைத்த அதே டிரைவர்தான் எழுந்து வந்தார். "எங்க ரூட்ல கடைசி ஸ்டாப்புல பீன்ஸ் கொட்டிக் கிடக்குதுக்கா. காலையில முதல் ட்ரிப்பு காலியாத்தானே போகுது?" இன்னொரு ரூட்டுக்காரர் தங்கள் பக்கம் கீரையும் கத்தரியும் உண்டு என்றார். மறுநாள் விடிகாலை பஸ்களில் பூசணி ஏறியது. திரும்பும்போது அதற்கு மாற்றாக பீன்ஸ், கீரை, கத்தரி, தக்காளி எல்லாம் பனி காயாமல் வந்து இறங்கின. அண்ணி லாரிக்காரரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

விஷயம் மேனேஜர் காதுக்குப் போனது. கொதித்துப்போய் வந்தார்.

"பஸ்ஸு என்ன உங்க காய்கறி வண்டியா?"

முதல் ட்ரிப்பு கண்டக்டர் ஒருவர் நிதானமாகச் சொன்னார்: "எல்லாப் பூசணிக்கும் லக்கேஜ் டிக்கெட் போட்டிருக்கேன் சார். சீட்டுக்குச் சண்டை போடாத பயணி அது ஒண்ணுதான்."

டெப்போவே சிரித்தது. மேனேஜர் சிரிப்பை விழுங்கிக்கொண்டு உட்கார்ந்தார். அண்ணி தட்டு வைத்தார், அதே பழைய விலைக்கு. மேனேஜர் வாயைத் திறக்காமல் சாப்பிட்டார், அதாவது பேசுவதற்குத் திறக்கவில்லை. தட்டு காலியானது.

"நாளைக்கு என்ன சாப்பாடு?"

"எந்த பஸ்ஸு என்ன கொண்டு வருதோ, அது சார்."

"சரிம்மா. அந்தக் கம்பெனிக்காரனை வர வேண்டாம்னு சொல்லிடுறேன்" என்று தட்டை மறுபடி நீட்டினார்.

அண்ணி பரிமாறிவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிப் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். புகை என்று சொல்லவும் வழியில்லை, அது கேஸ் அடுப்பு. நான் பார்ப்பதைக் கண்டதும், "என்ன வேடிக்கை? நாளைக்கு முதல் ட்ரிப்பு போற பஸ்ஸு நிக்குது, பூசணியை ஏத்துங்க தம்பி" என்றார். நான் மெக்கானிக், சுமை தூக்குவது என் வேலை இல்லை. ஓடிப்போய்த் தூக்கினேன்.