எழுபத்தொரு வயது ஞானப்பூ அம்மாள்

ஸ்வீட்லின் கன்னியாகுமரிக்குத் தெற்கே போனதில்லை. அதற்குக் கடலைச் சாக்குச் சொல்லலாம். வடக்கே மதுரையைத் தாண்டாததற்கு அந்தச் சாக்கும் கிடையாது. பாஸ்போர்ட்டும் இல்லை. ஆனாலும் பாளையங்கோட்டை முருகன்குறிச்சியில், அடுக்களைக்குப் பக்கத்து அறையில் உட்கார்ந்தபடி எகிப்துக்கும் கிரேக்கத்துக்கும் ஜோர்டானுக்கும் ஆட்களை அனுப்பிக்கொண்டிருந்தாள். சென்னையில் உள்ள ஒரு சுற்றுலாக் கம்பெனிக்கு விளம்பரம் எழுதும் வேலை. 'வெயிலும் வரலாறும் கைகோத்து வரவேற்கும் தேசம்' என்று ஒரு வரி அவளுக்கு நன்றாக வாய்த்திருந்தது. மூன்று நாடுகளுக்கும் அதையே போட்டாள். மூன்று நாடுகளும் ஆட்சேபிக்கவில்லை.

வயதானவர்கள் ஜோர்டான் போகத் தயங்குகிறார்கள், போய் வந்த ஒருவரின் அனுபவத்தை எழுதிக் கொடு என்று கம்பெனியில் கேட்டார்கள். போய் வந்தவர் யாரென்று அவர்களும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. அரைமணி நேரத்தில் ஏரல் ஊர்க்காரியாக ஞானப்பூ அம்மாள் பிறந்தார். பிறக்கும்போதே வயது எழுபத்தொன்று. மலையைக் குடைந்து செதுக்கிய பெட்ரா நகரத்தை அவர் இப்படி வர்ணித்தார்: 'பத்து நிமிட நடைதான். முட்டுவலிக்காரியான நானே பைய நடந்து போய்விட்டேன். பாறை இடுக்கு முடிந்ததும், ரோஜா நிற மாளிகைமேல் வெயில் வந்து விழுந்தது. என் கண்ணில் நீர் வந்துவிட்டது.' எழுதிய ஸ்வீட்லினே அதை இரண்டு தரம் வாய்விட்டுப் படித்துக்கொண்டாள்.

பிப்ரவரியில் சாரம்மாள் டீச்சர் அந்த விளம்பரப் புத்தகத்தோடு வீட்டுக்கு வந்தார். ஐந்தாம் வகுப்பில் ஸ்வீட்லினுக்குப் பாடம் எடுத்தவர். வாசலில் இருந்த மூன்று படிகளையும் பக்கவாட்டில் திரும்பி, ஒவ்வொன்றாகத்தான் ஏறினார்.

"ஏட்டி, இது நீ எழுதினதுன்னு உங்க அம்மா சொன்னா. என்ன அருமையா எழுதிருக்க! இந்த ஞானப்பூ அம்மாளுக்கு எழுபத்தொண்ணு. எனக்கு அறுபத்தெட்டுதான். நானும் நடந்துருவேன்லா?"

அவர் படி ஏறியதை ஸ்வீட்லின் பார்த்திருந்தாள். உண்மையைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். ஆனால் அவள் கையெழுத்தைக் கோழி கிண்டினது என்று சொன்ன அதே வாய், இன்றைக்கு அருமை என்கிறது. அந்தப் பெருமையில் புத்தி மழுங்கிப்போயிற்று.

"தாராளமா நடக்கலாம் டீச்சர்" என்றாள்.

டீச்சர் ஜோர்டான் போய், வந்தும்விட்டார். அதே குழுவில் போன தேவசிகாமணி அண்ணாச்சி, ஞாயிறு ஆராதனைக்கு முன்னால் கோயில் வாசலில் ஸ்வீட்லினைப் பார்த்ததும் நின்றார்.

"வண்டி பிடிச்சுத் தாரோம்னு கெஞ்சினோம் பிள்ளே. 'எழுபத்தொரு வயசுக்காரி நடந்திருக்கா, எனக்கு எதுக்கு வண்டி'ன்னு வீராப்பா நடந்தாவ. கால்வாசி தூரங்கூடப் போகல, முட்டு மடங்கிட்டு. ரெண்டு பேரு தூக்கிட்டு வந்து வாசல் கடையில உக்கார வச்சோம். நாங்க திரும்பி வாரதுவரைக்கும் அங்கனயே இருந்தாவ. பெட்ராவைப் பாக்கவே இல்ல, பாவம்."

அன்றைய பிரசங்கத்தில் ஒரு வார்த்தைகூட ஸ்வீட்லின் காதில் ஏறவில்லை.

அடுத்த சனிக்கிழமை பெண்கள் சங்கக் கூட்டத்தில் டீச்சரைப் பேசச் சொன்னார்கள். கைத்தடியை மடியில் வைத்துக்கொண்டு, உட்கார்ந்தபடியே பேசினார்.

"பாறை இடுக்கு முடிஞ்சதும், ரோஜா நிற மாளிகைமேல வெயில் வந்து விழுந்துச்சு. என் கண்ணுல தண்ணி வந்துட்டு."

பெண்கள் "ஸ்தோத்திரம்" என்றார்கள். கடைசி வரிசையில் ஸ்வீட்லின் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டாள். பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதியதற்காக ஒருநாள் முழுக்க அவளைப் பெஞ்சுமேல் நிற்க வைத்தவர் இந்த டீச்சர். இன்றைக்கு அவரே பார்த்து எழுதியிருக்கிறார். அதுவும் ஒரு பொய்யைப் பார்த்து.

கூட்டம் கலைந்த பிறகு டீச்சர் அவளைக் கைகாட்டிக் கூப்பிட்டுப் பக்கத்து நாற்காலியில் உட்காரச் சொன்னார்.

"அந்த ஞானப்பூ அம்மா போன் நம்பர் இருந்தா தாயேன்."

"எதுக்கு டீச்சர்?"

"அவிய எப்படி நடந்தாவன்னு கேக்கணும்." குரல் தணிந்தது. "என்னால முடியலட்டி. நான் ஒண்ணும் பாக்கல. எல்லாரும் ஆசையா கேக்காவ, பாக்காம வந்தேன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. அந்த அம்மாவால முடிஞ்சது எனக்கு ஏன் முடியல? விசுவாசம் பத்தலையோன்னு தினமும் அழுது ஜெபிக்கேன்."

இதற்குமேல் ஸ்வீட்லினால் தாங்க முடியவில்லை.

"அப்படி ஒரு அம்மாவே கிடையாது டீச்சர். நானா எழுதினது."

டீச்சர் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"பத்து நிமிச நடைன்னு போட்டது?"

"சும்மா போட்டது டீச்சர்."

டீச்சர் கைத்தடியின் பிடியைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு, தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"மாளிகைமேல வெயில் விழும்னு எழுதினியே. அதாச்சும் நெசமாட்டி?"

ஸ்வீட்லின் தன்னை அறியாமல் நாற்காலியை விட்டு எழுந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"தெரியாது டீச்சர்."

பிப்ரவரியிலேயே அவள் சொல்லியிருக்க வேண்டிய பதில் அது.