நீளம் பூஜ்யம்

ரமாபாய் கட்டைவிரலால் மற்ற நான்கு விரல்களையும் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணிக்கொண்டிருக்கிறார். நான்கு தொட்டால் ஒரு சுற்று. ஐந்தாவது சுற்றில் கை நிற்கிறது. "இருபது பைட் ஆச்சா? இதுக்கு அப்பாலதான் பேஜாரே கீது" என்கிறார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

திருவொற்றியூரில், கப்பலுக்குக் கயிறும் பெயிண்டும் விற்கும் கடையின் மாடியில் அவருடைய கம்பெனி. மொத்தம் ஏழு பேர். வீட்டு வைஃபை பெட்டிக்கு அண்ணன் போன்ற, உப்புக்காற்றையும் லாரிப் புழுதியையும் தாங்குகிற நெட்வொர்க் பெட்டிகள் செய்கிறார்கள். அதற்குள் ஓடும் ஆபரேட்டிங் சிஸ்டத்தில் நெட்வொர்க் பகுதி முழுவதும் ரமாபாய் எழுதியது. வயது முப்பத்தாறு. வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் பிறந்தவர், இன்றும் அங்கேதான் வீடு. வாடிக்கையாளரிடம் பேசும்போதுகூட பாஷையை மாற்றமாட்டார். நிரலோடும் அப்படித்தான்: "இன்னா நைனா, எங்க போய் குந்திக்கினே?"

நெட்வொர்க்கில் போகும் ஒவ்வொரு தகவல் பொட்டலத்தின், அதாவது பாக்கெட்டின், தலையிலும், யார் அனுப்பியது, யாருக்கு என்ற விவரம் இருபது பைட் இருக்கும். சிலவற்றில் மட்டும் அதன் பின்னால் கூடுதல் குறிப்புகள் ஒட்டியிருக்கும், ஆப்ஷன் என்பார்கள். பெரும்பாலான குறிப்புகள் தம் நீளத்தைத் தாமே சொல்லும். அத்தனை பைட் தாண்டினால் அடுத்த குறிப்பு. நீளம் பூஜ்யம் என்று ஒன்று சொல்லிவிட்டால், தாண்ட இடமில்லாமல் நிரல் அதையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டு நின்றுவிடும். பெட்டி உறைந்துவிடும்.

இதை உடன் வேலை செய்யும் பெர்சிஸ் முன்பே கேட்டிருக்கிறார். நாகர்கோவில்காரர். "அக்கா, நீளம் பூஜ்யம்னு வந்துச்சுன்னா என்ன செய்யும்?"

"அத்த யாரு அனுப்பப் போறாங்க? வுடு."

போன ஜூலையில் வந்தது. மணலிப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் ஜெயவேல் என்ற ஒப்பந்தக் கேபிள்காரர், மேலதிகாரிகள் சொன்னபடி, பழைய எடைமேடை இயந்திரத்தின் வயரை இவர்களுடைய பெட்டியில் சொருகினார். உடனே பெட்டி உறைந்து, அதை நம்பி ஓடிய கேட் நின்றது. பெட்டியை அணைத்துப் போட்டால் மறுபடி நின்றது. நடுப்பகலில் லாரிகள் மேம்பாலம் வரை நின்றன. ரமாபாய் லேப்டாப்போடு போய் கேட்டருகிலேயே உட்கார்ந்து பாக்கெட்டுகளைப் பிடித்துப் பார்த்தார். எடைமேடை அனுப்பிய ஆப்ஷனில் நீளம் பூஜ்யம்.

"இவன் கண்டதையும் சொருகினதாலதானே மேடம்?" என்றார் யார்டு அதிகாரி. ஜெயவேல் பக்கத்திலேயே நின்றிருந்தார்.

"அதுலேர்ந்து வர பாக்கெட்டு தப்பா கீது சார்" என்றார் ரமாபாய்.

அவரைப் பற்றி எழுதப் போயிருந்த என்னிடம் இதைச் சொல்லும்போது விரல்களை மடக்கி மேசைக்கடியில் வைத்துக்கொண்டார். "பொய் இல்ல பாருங்க. வந்தது தப்பான பாக்கெட்டுதான். ஆனா தப்பா வந்தா தூக்கிப் போடறதுதான் நம்ம வேல. அத்த நான் எழுதல. அத்த சொல்லல."

டிரைவர்கள் பார்த்துக்கொண்டிருக்க ஜெயவேலின் கழுத்திலிருந்து அடையாள அட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள்.

அன்று மாலையே ரமாபாய் பிழையைச் சரிசெய்தார். இரண்டு வரிதான்: நீளம் இரண்டுக்குக் குறைவாகவோ (குறிப்பின் வகையும் நீளமுமே இரண்டு பைட் பிடிக்கும்), மிச்சமிருக்கும் இடத்தைவிட அதிகமாகவோ இருந்தால் பாக்கெட்டைத் தள்ளிவிடு. நிரலைத் திருத்தினால் எழுதவேண்டிய மாற்றக் குறிப்பில் 'சிறு ஒழுங்குபடுத்தல்' என்று எழுதினார். பிறகு ஒன்பது நாள் இதைப் பற்றி யாரிடமும் வாய் திறக்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் பெர்சிஸ் எதிரே உட்கார்ந்தால் டப்பாவை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவாராம்.

பத்தாம் நாள் ஜெயவேல் போன் செய்தார். சண்டைக்கு அல்ல.

"மேடம், நான் இன்னா தப்பா சொருகினேன்னு கொஞ்சம் சொல்லிக் குடுங்க. அடுத்த எடத்துல அப்டி பண்ணாம பாத்துக்கறேன்."

ரமாபாய் போனை வைத்தார். பின் மாற்றக் குறிப்பை அழித்து, 'என் பிழை. முன்பே கேட்கப்பட்டது, நான் தள்ளிவிட்டேன்' என்று எழுதினார். மறுநாள் ஜெயவேலை அழைத்துக்கொண்டு யார்டுக்குப் போய் அதிகாரி முன் எல்லாவற்றையும் சொன்னார். யார்டு பெட்டிகளைத் திருப்பி அனுப்பியது. ஜெயவேலின் அட்டை திரும்பி வந்தது. இப்போது ரமாபாயின் ஒவ்வொரு வரியும் பெர்சிஸ் பார்த்த பிறகே பெட்டிக்குள் போகிறது.

"ஜெயவேல் என்ன சொன்னார்?"

"'அப்போ நான் சொருகினது கரீட்டுதானா மேடம்?'னாரு. கரீட்டுதான்னேன். அதுக்கு மேல ஒரு வார்த்த கேக்கல. நாலு வார்த்த திட்டியிருந்தா தேவல."

குடிக்கத் தண்ணீர் எடுக்க நான் எழுந்தேன். திரும்பி வந்தபோது மேசையில் திறந்து கிடந்த என் நோட்டைத் தன் பக்கம் இழுத்து வைத்திருந்தார். அவரைப் பற்றிய முதல் வரியாக 'நேர்மையானவர்' என்று குறித்திருந்தேன். அந்தச் சொல்லின் மேல் பேனாவை வைத்து, ஓர் எழுத்துகூடத் தெரியாதபடி மெதுவாக அடித்துக்கொண்டிருந்தார்.